ஊற்றுக்கண் கண்டறியும் ஆணையம்

என் மகள் பிலியானாவுக்கு அரித்தது, சொறிந்தாள். ஐந்து வயதுக் குழந்தை வேறு என்ன செய்யும்? ஆனால் அவள் சொறிந்த இடமும் சரியில்லை, நேரமும் சரியில்லை. கிரிவோபோலே நகர மழலையர் பள்ளியில் புதிய இரும்பு வேலியின் திறப்பு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெரிய மனிதர்களை வரவேற்கப் பொகாச்சா ரொட்டியும் உப்பும் ஏந்தி நிற்க வேண்டிய பெண் இவள்தான். ரொட்டித் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, பள்ளித் தலைவி கோஸ்ததிங்கா அம்மையாருக்கு நேர் எதிரே நின்று, மறு கையால் பின்பக்கத்தைச் சொறிந்துவிட்டாள்.

கோஸ்ததிங்கா அம்மையார் நிர்வாகத் திறமை மிக்கவர். உடனே ஒத்திகையை நிறுத்தினார், ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார், குழந்தையைத் தோட்டத்துப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார், பிறகு எனக்குப் போன் செய்தார். நான் அப்போது ஒரு லிஃப்டின் தலைமேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கையில் நல்ல செய்தி எதுவும் அந்த இடத்துக்கு வந்து சேராது.

"காலின், உங்க பொண்ணுக்குப் பூச்சி," என்றார்.

"என்ன பூச்சி மேடம்? கடிச்சிடுச்சா?"

"வயித்துப் பூச்சி. இந்தப் பள்ளிக்கூடத்துல பூச்சியே கிடையாது. இருக்கறதெல்லாம் வீட்டுலேர்ந்து வர்ற பூச்சி. வந்து கூட்டிட்டுப் போங்க."

போனேன். பிலியானா பெஞ்சில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒத்திகைக்கென்று அம்மா தைத்துக் கொடுத்த பூவேலை செய்த சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

"அப்பா, ரொட்டியை நான்தானே தூக்குவேன்?"

"நீதான் தூக்குவே. வேற யாரு?" என்றேன். எனக்கு அன்று உலகம் இன்னும் தெரிந்திருக்கவில்லை.

குடும்ப மருத்துவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கீரிப்பூச்சி. இது எட்டிப் பாக்காத வீடு எது? பிள்ளைங்க சொறியும், நகத்துக்கு அடியில முட்டை ஒட்டிக்கும். அந்தக் கை பொம்மையைத் தொடும், கதவைத் தொடும். அதையே இன்னொரு பிள்ளை தொட்டு, விரலை வாயில வெக்கும். வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல ஆளுக்கொரு மாத்திரை போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. நகத்தை ஒட்ட வெட்டுங்க. படுக்கைத் துணியை உதறாம அப்படியே சுருட்டி எடுத்துச் சுடுதண்ணில போடுங்க. காலையில எழுந்ததும் குளிக்க வெச்சிடுங்க. ஸ்கூல்லயும் எல்லாருக்கும் ஒரே நாள்ல குடுத்துட்டா கதை முடிஞ்சது."

அன்றைக்கே நாங்கள் மூவரும் மாத்திரை போட்டோம். என் மனைவி ராலிட்சா வீட்டில் இருந்த துணியெல்லாம் துவைத்தாள். துவைக்க வேண்டாத திரைச்சீலையையும் கோபத்தில் சேர்த்துத் துவைத்தாள். மறுநாள் நான் பள்ளிக்குப் போய் மருத்துவர் சொன்னதைக் கோஸ்ததிங்கா அம்மையாரிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது வைத்தியம் சொல்ற பதில், காலின். நமக்கு வேண்டியது நிர்வாகம் சொல்ற பதில். யார் கொண்டு வந்தாங்கன்னு தெரியாம எல்லாருக்கும் மாத்திரை குடுத்துட்டா, கொண்டு வந்தவங்க தப்பிச்சுட மாட்டாங்களா?"

"தப்பிச்சா என்ன மேடம்? பூச்சி போயிடுமே!"

"பூச்சி போயிடும். பொறுப்பு போயிடக் கூடாதில்ல?" என்று சொல்லி, தேநீரில் சர்க்கரைக் கட்டியைப் போட்டு விரலாலேயே கலக்கினார்.

அந்த வாரமே ஆணையம் பிறந்தது. கீரிப்பூச்சித் தொற்றின் ஊற்றுக்கண் கண்டறியும் ஆணையம் என்பது அதன் முழுப் பெயர். தலைவர் டாக்டர் பலபானோவ். அவர் டாக்டர்தான், எதில் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. எங்கள் குடும்ப மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டபோது, இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். உறுப்பினராக நகரத் தோட்டத் துறைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு மண்புழுவில் அனுபவம் உண்டாம்.

ஆணையம் முதல் கூட்டத்திலேயே ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்துவிட்டது. பிலியானா. முதலில் சொறிந்தவள் அவள். ஆகவே முதலில் கொண்டு வந்தவளும் அவள். இதற்குமேல் ஆணையத்துக்கு வேலை இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் கண்டுபிடித்ததை விசாரிப்பது பாக்கி இருந்தது.

வேலித் திறப்பு விழாவும் ஆணையத்தின் தொடக்க விழாவும் ஒரே நாளில் நடந்தன. வேலிக்கு உள்ளே பந்தல், நாற்காலி, பாதிரியார், பள்ளிப் பிள்ளைகள். வேலிக்கு வெளியே நான், ராலிட்சா, பூவேலைச் சட்டையில் பிலியானா. உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் அவள் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். ரொட்டியை ஏந்தி நின்றது கோஸ்ததிங்கா அம்மையாரின் பேத்தி சிமோனா.

"நான் இன்னும் நேரா பிடிப்பேன்," என்றாள் பிலியானா, கம்பிக்கு நடுவே மூக்கை வைத்துக்கொண்டு.

"நீ நல்லாப் பிடிப்பேடா கண்ணு," என்றாள் ராலிட்சா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பலபானோவ் பேசினார். தாளின் ஒவ்வொரு பக்கத்தையும் விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டினார்.

"பெரியோர்களே! கீரிப்பூச்சி ஒழுக்கமற்ற பிராணி. அதற்கு வரிசை தெரியாது, முத்திரை தெரியாது, பதவி தெரியாது! அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். கையிலிருந்து ரொட்டிக்குப் போகும். ரொட்டியிலிருந்து வாய்க்குப் போகும். வாயிலிருந்து எங்கே போகும் என்பதை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன். எனவே நாம் அனைவரும் கைகோர்த்து இதை எதிர்க்க வேண்டும்!"

கைதட்டல். தட்டிய கைகளோடு பெரியவர்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் பாதிரியாரின் சிலுவையை ஒவ்வொருவராக முத்தமிட்டார்கள். பிறகு சிமோனா ஏந்திய பொகாச்சாவை ஆளுக்கொரு பிடி பிய்த்தார்கள், ஒரே கிண்ணத்து உப்பில் தொட்டார்கள், வாயில் போட்டார்கள். பலபானோவ் இரண்டு முறை தொட்டார். உப்பு அவருக்குப் பிடிக்கும். ரொட்டி அவர்களைக் கடந்து பிள்ளைகளிடம் போனது, பிள்ளைகளிடமிருந்து சமையல்காரியிடம் போனது. கடைசியாக ஹோரோ ஆட்டம். அமைச்சு அலுவலகத்திலிருந்து வந்தவர் முதல் சமையல்காரி வரை எல்லாரும் கைகோர்த்துச் சங்கிலியாக வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அமைச்சு அலுவலகத்துக்காரர் ஒரு கைக்கு விடுதலை கிடைத்தபோதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த மொத்தக் கூட்டத்தில் அன்று வயிறு சுத்தம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது வேலிக்கு வெளியே நின்ற எங்கள் மூவரை மட்டும்தான். ஆனால் எங்களுக்குச் சான்றிதழ் இல்லை.

சான்றிதழ் பரிசோதனைக் கூடத்தில் கிடைக்கும். காலையில் எழுந்ததும், குழந்தையைக் குளிப்பாட்டும் முன், பின்பக்கத்தில் ஒட்டுத்தாளை வைத்து எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அடுத்தடுத்து மூன்று காலை இப்படிப் போக வேண்டும். முதல் நாள் ஒட்டுத்தாள் மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஒட்டுத்தாள் தெளிவாக இருந்தது, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என்ன எதிர்பார்த்தாள் என்பதுதான் தெளிவாக இல்லை.

"சாக்லேட் எங்கே?" என்று பின்னால் நின்ற கிழவர் என் காதருகே கேட்டார்.

"எதுக்கு?"

"சாம்பிளை வெறுங்கையோட குடுப்பாங்களா? என்னப்பா நீ, நேத்துதான் பொறந்தியா?"

எல்லார் பையிலும் ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு சாக்லேட் பெட்டியும் இருந்தன. ஜன்னல் பெண் நல்லவள். கையுறையைக் கழற்றாமலே பெட்டிகளைத் திறந்து, வரிசையில் நின்ற எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். கையெழுத்துப் போட ஒரே பேனா, கயிற்றில் கட்டி. அதன் பின்பக்கம் ஊரே கடித்துக் கடித்துத் துரும்பாகியிருந்தது. நானும் யோசனையில் அதை வாய்வரை கொண்டுபோய்விட்டேன். ராலிட்சா மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா உனக்கு?"

முடிவு சுத்தம் என்று வந்தது. ஆனால் அதன்மேல் ஆணையத்தின் முத்திரை வேண்டும். முத்திரை இன்னும் செய்யப்படவில்லை. அதில் பூச்சியின் படம் போடுவதா, பூச்சியைக் குறுக்காக அடித்த படம் போடுவதா என்று ஆணையத்தில் கருத்து வேறுபாடு இருந்தது.

அதுவரை பிலியானா என்னோடு வேலைக்கு வந்தாள். ஊரின் லிஃப்டுகளில் எல்லாம் ஏறி இறங்கினாள். பொத்தானை விரல் முட்டியால் அழுத்தக் கற்றுக்கொடுத்தேன். வழியில் பூங்காவில் பழைய தோழிகளைக் கண்டால் ஓடுவாள். அவர்களுடைய அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் திரும்பி வந்து, "அப்பா, என் கை நாறுதா?" என்று கேட்டாள். நான் அந்தக் கையை எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது. அவ்வளவு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

ஆணையம் எங்கள் வீட்டையும் பார்வையிட்டது. காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பலபானோவ் எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார், பிலியானாவின் கன்னத்தைக் கிள்ளினார், மேசையில் இருந்த சூரியகாந்தி விதைக் கிண்ணத்தில் கையை விட்டு அளைந்தார்.

"குழந்தை யார் யாரோட கை கோர்க்கும்?"

"இப்ப யாரோடயும் இல்லைங்க. நீங்க விடலையே," என்றேன்.

"இனிப்பு அதிகம் தின்னுமா?"

"இனிப்புலேர்ந்து பூச்சி வராதுன்னு டாக்டர் சொன்னாரே."

"எந்த டாக்டர்?" என்று கேட்டு, ஒரு விதையைப் பல்லால் உடைத்தார். தோலைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டார்.

அவர்கள் போன பிறகு அந்தக் கிண்ணத்தை ராலிட்சா அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டு, கதவின் கைப்பிடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பார்வையிட்டதன் பலனாக எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு ஆணையம் சீல் வைத்தது. ஊற்றுக்கண் பொத்தானைத் தொடும் அபாயம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. ஊரின் லிஃப்டுகளை எல்லாம் ஓட வைக்கும் நான் படியேறி வீடு போனேன். கீழ்வீட்டு மிஞ்சோ மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்: "என்ன காலின், பூச்சிக்கு லிஃப்ட் ஓட்டத் தெரியுமாமே? ரக்கியாச் சாராயம் ஊத்தவா? பூசணி விதையும் ரக்கியாவும் உள்ள போனா எந்தப் பூச்சியும் தானா ராஜினாமா பண்ணிடும்!"

பள்ளியில் போர்க்கால நடவடிக்கைகள் நடந்தன. மதியத் தூக்கம் முடிந்ததும் படுக்கை விரிப்புகளை எல்லாம் ஜன்னலில் தொங்கவிட்டுப் பலமாக உதறும்படி கோஸ்ததிங்கா அம்மையார் உத்தரவு போட்டார். பூச்சி கீழே விழுந்துவிடுமாம். வேலியோரம் போகிறவர்கள் தலையில் எல்லாம் தூசி பறந்தது. உதறிய விரிப்பையே மறுநாளும் விரித்தார்கள். துவைத்தால் ஆதாரம் அழிந்துவிடும் என்பது ஆணையத்தின் கருத்து.

முதலில் ஒரு பையன் சொறிந்தான், வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இரட்டைக் குழந்தைகள் போனார்கள். பிறகு சமையல்காரியின் மகன். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விசாரணை, தனித்தனி மாத்திரை. மாத்திரை போட்டுத் தேறி, ஊற்றுக்கண் இல்லை என்பதால் முத்திரை இல்லாமலே திரும்பி வந்தவர்களும் சில வாரங்களில் மறுபடி சொறிந்தார்கள். பலபானோவ் மாவட்டத்துக்கு அனுப்பிய செய்தியில் பெருமையோடு சொன்னார்: "பள்ளியில் தொற்று வேகமாகக் குறைந்து வருகிறது. பள்ளியில் குழந்தைகளும் குறைந்து வருகிறார்கள். இரண்டும் சரியான திசையிலேயே செல்கின்றன."

இலை உதிர்ந்து பனி வந்தபோது முத்திரையும் வந்தது. எங்கள் சான்றிதழ் அதற்குள் காலாவதியாகி, நான் புதிதாக ஒட்டுத்தாளும் சாக்லேட் பெட்டியுமாக அலைந்து புதுச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். முத்திரை குத்திய தாளோடு பிலியானாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவள் சட்டையைப் பையில் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

கோஸ்ததிங்கா அம்மையார் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்காலியில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் மறுபக்கமாக உட்கார்ந்தார்.

"சுத்தமா இருக்கா. அதான் பிரச்சினை," என்றார்.

"என்ன மேடம் பிரச்சினை?"

"சட்டத்தை மாத்திட்டோம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா நான் யாருக்குத் தலைவி? அதனால பூச்சி இருக்கறவங்க வரலாம்னு முடிவு பண்ணிட்டோம். எல்லாருக்கும் இருக்கு. இவ ஒருத்திக்குத்தான் இல்ல. இவ உள்ள வந்தா இவளுக்கும் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா மறுபடி யார் ஊற்றுக்கண்ணுன்னு கேள்வி வரும். பாவம், குழந்தை. வீட்டுலயே இருக்கட்டும்."

"பூச்சி இருந்தப்ப வெளிய நிக்க வெச்சீங்க. இல்லாதப்பவும் வெளிய நிக்க வெக்கிறீங்க. எப்பதான் மேடம் இவ உள்ள வர்றது?"

"அதை ஆணையம் பரிசீலிக்கும்," என்றார் அவர், மேசைக்குக் கீழே கையை விட்டபடி.

பிலியானா அழவில்லை. வீட்டுக்குப் படியேறும்போது ஐந்தாவது மாடியில் நின்று, "அப்பா, எனக்குப் பூச்சி திரும்ப வந்தா உள்ள விடுவாங்களா?" என்று கேட்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு மிச்ச மாடியை ஏறினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஆணையத்தின் வெற்றி விழா என்று அறிவிப்பு வந்தது. வட்டாரத் தொலைக்காட்சி வருகிறது, நேரடி ஒளிபரப்பு. ஒளிபரப்புக்காக ஆணையம் புதிய விதி ஒன்று போட்டது: ரொட்டி ஏந்தும் குழந்தை முத்திரையுள்ள சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். விதியைப் போட்ட பிறகுதான் ஊரெல்லாம் தேடினார்கள். சிமோனாவுக்கும் பூச்சி. ஊரில் முத்திரையுள்ள குழந்தை ஒன்றே ஒன்றுதான்.

விழாவுக்கு முந்தின மாலை எங்கள் கதவு தட்டப்பட்டது. கோஸ்ததிங்கா அம்மையார் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏன் மேடம் படியேறி வந்தீங்க?" என்று ராலிட்சா அன்பாகக் கேட்டாள்.

"லிஃப்டுக்குச் சீல் வெச்சிருக்கே!"

"அட, ஆமால்ல. யாரு வெச்சாங்க?"

அம்மையார் அந்தக் கேள்வியைக் கடந்து உள்ளே வந்தார். உட்காரச் சொன்னோம், நின்றுகொண்டே பேசுவதாகச் சொன்னார். பிலியானா ரொட்டி தூக்க வேண்டும் என்றார். பிலியானா அறைக்குள்ளிருந்து ஓடி வந்து அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

ராலிட்சா கையைக் கட்டிக்கொண்டாள். "தூக்குவா. ஆனா நாளைக்குக் காலையில உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, வீட்டுக்காரங்க, வேலை செய்யறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல மாத்திரை போடணும். எங்க டாக்டர் வந்து குடுப்பார். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும். விரிப்பையெல்லாம் உதறாம துவைக்கணும்."

"அது ஆணையத்துக்கு ஒத்து வராது."

"சரி. அப்ப சிமோனாவே தூக்கட்டும்."

கோஸ்ததிங்கா அம்மையார் எங்களுக்கு முதுகைக் காட்டாமல் சுவரோரமாக நகர்ந்து, சுவரில் லேசாக உரசிக்கொண்டார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷியைப் பார்த்தேன், பாவமாக இருந்தது.

"எனக்கும் ஒரு மாத்திரை குடுப்பாரா?" என்று மெல்லக் கேட்டார்.

"குடுப்பார். பலபானோவுக்கும்தான். இல்லேன்னா அவர் பிய்ச்ச ரொட்டிய நாங்க திங்க மாட்டோம்," என்றாள் ராலிட்சா.

"அவர் போட மாட்டார்."

"அப்ப ரொட்டியும் கிடையாது."

மறுநாள் காலை பள்ளி முற்றத்தில் எங்கள் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். ஆணையத்திலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை. பெற்றோர்களில் இரண்டு பேர் அழுதார்கள், நிம்மதியில். இத்தனை நாள் வீட்டுக்குள் ஒளித்து வைத்த அரிப்பை எல்லாம் ஒருவருக்கொருவர் கொட்டித் தீர்த்தார்கள். எல்லாருக்கும் இருந்திருக்கிறது, தன் வீட்டுக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

விழா தொடங்கியது. மேடையில் ஆணையம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. உட்கார முயன்றுகொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. மண்புழு அனுபவக்காரர் காலை மாற்றி மாற்றிப் போட்டார். அமைச்சு அலுவலகத்துக்காரர் நாற்காலியின் முனைக்கு நகர்ந்து, பிறகு பின்னுக்கு நகர்ந்தார். பலபானோவ் எழுந்து பேசினார். நிற்கக் கிடைத்ததில் அவருக்கு நிம்மதி என்று பார்த்தாலே தெரிந்தது.

"மக்களே! நாங்கள் ஊற்றுக்கண்ணைத் தேடித் தொடங்கினோம். இன்று பெருமையோடு சொல்கிறேன்: ஊற்றுக்கண் என்று இனி யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. தொற்று எல்லாரிடமும் சமமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனவே ஆணையத்தின் பணி வெற்றிகரமாக நிறைவடைந்தது!"

கைதட்டல் வந்தது. தொலைக்காட்சிக் கேமரா பிலியானா பக்கம் திரும்பியது. பூவேலைச் சட்டையில், தன்னைவிடப் பெரிதாகத் தெரிந்த ரொட்டியோடு அவள் நடந்து வந்தாள். கொஞ்சமும் சாயாமல் நேராகப் பிடித்திருந்தாள். ரொட்டியின் பக்கத்தில் வழக்கமாக உப்புக் கிண்ணம் இருக்கும் இடத்தில் இன்று ராலிட்சா வைத்த மாத்திரைக் கிண்ணம் இருந்தது.

பலபானோவின் கை அந்தரத்தில் நின்றது.

"இது என்ன?"

"பூச்சி மாத்திரை மாமா," என்றாள் பிலியானா. ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் அது மாவட்டம் முழுக்கக் கேட்டது.

"எனக்கெதுக்கு? நான் ஆணையத் தலைவர்!" குரலில் அதிகாரம் இருந்தது. ஆனால் இடது கை அவருடைய அனுமதி இல்லாமலே கோட்டுக்குப் பின்னால் போயிருந்தது. கேமராக்காரர் அதைத் தொடர்ந்து பின்பக்கம் போனார்.

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியில் நெளிந்தபடி, தலைவர் போட்டால் நாமும் போடலாமே என்ற ஏக்கத்தோடு அவரைப் பார்த்தார்கள். பிலியானா அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது கேட்டுவிடுவாளோ, அவரை வறுத்தெடுத்துவிடுவாளோ என்று நினைத்தேன். அவளுக்கு உரிமை இருந்தது.

"எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு மாமா," என்றாள் அவள். "ஆனா போட்டுக்கிட்டா ராத்திரி நல்லாத் தூக்கம் வருது."

பலபானோவின் முகம் என்னவோ ஆனது. அந்த மனுஷன் எத்தனை ராத்திரி தூங்கவில்லையோ தெரியாது. மாத்திரையை எடுத்தார், வாயில் போட்டார், தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினார். அடுத்த நொடி மேடையே எழுந்து கிண்ணத்தின்மேல் பாய்ந்தது. வெட்கம் கெட்டுத் தள்ளுமுள்ளு. விழுங்கிய கையோடு அவர் ரொட்டியைப் பிய்க்கக் கையை நீட்டினார். பிலியானா ரொட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கை கழுவிட்டு வாங்க மாமா. அப்புறம் தர்றேன்."

பள்ளியில் இருப்பது குழந்தைகளுக்கான கைகழுவும் தொட்டி. பெரியவர்களுக்கு முழங்கால் உயரம். டாக்டர் பலபானோவ் கோட்டை மடித்துக்கொண்டு அதற்கு முன்னால் குனிந்தார். அவருக்குப் பின்னால் அமைச்சு அலுவலகம் குனியக் காத்து நின்றது, அதற்குப் பின்னால் மண்புழு, கோஸ்ததிங்கா அம்மையார், பாதிரியார், பிள்ளைகள், பெற்றோர்கள். வரிசை முற்றத்தைச் சுற்றி வேலிவரை போனது. ஒரே ஒரு சோப்புதான் இருந்தது. இவ்வளவு காலத்தில் சோப்பு வாங்க வேண்டும் என்று ஆணையத்தில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பிலியானா ரொட்டியோடு நின்றுகொண்டே இருந்தாள். தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. மேடையருகே போனேன்.

"கை வலிக்குதாடா? அப்பா கொஞ்ச நேரம் பிடிச்சுக்கட்டுமா?"

"வலிக்குது," என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. ஆனால் தட்டை என்னிடம் தரவில்லை. "எல்லாரும் வர்ற வரைக்கும் நான்தான் தூக்குவேன்."